காயமில்லா மறுப்பு

"உங்களுக்கு வேலை இல்லீங்கண்ணா" என்றாள் பாவாயி.

சாளரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கருப்பண்ணன் தலையை ஆட்டிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் லாரிப் பட்டறையில் சம்மட்டி பிடித்த ஆள். தோள் இன்னும் இறங்கவில்லை. கேட்ட சேதிக்கு அந்தத் தோளால் சாளரத்தையே பெயர்த்து எறிந்திருக்கலாம்.

"உங்க கைத்திறமையை யாரும் குறை சொல்லலீங்க. இரும்போட சூட்டைக் கண்ணாலயே அளக்கறீங்கன்னு எந்திரமே எழுதிக் குடுத்திருக்குது. அதுக்கு இப்பைக்கு இடமில்லை, அவ்வளவுதானுங்க. பொதுவேலைக்குப் போட்டிருக்காங்க. அடுத்த வெள்ளிக்கிழமை தூத்துக்குடி பஸ்ஸு. வெந்நீர் வெச்சுக் குளிச்சுட்டு நிம்மதியாத் தூங்குங்க. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

"செரிங்கம்மிணி. உன்னையச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றார் கருப்பண்ணன். "இவ்வளவு மருவாதியா யாரு பேசறாங்க இந்தக் காலத்துல. ரொம்ப நன்றிங்க."

எழுந்தவர் நாற்காலியை ஓசைப்படாமல் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார். பார்த்தீர்களா கூத்தை? வேலையும் இல்லை, ஊரும் இல்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள், மனுஷர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்! சங்ககிரி வேலைவழி மன்றத்தின் நாலாம் சாளரத்தில் அறுபத்தோரு நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது.

தானோட்டி லாரிகள் வந்து ஆறு வருஷமாகிறது. ஸ்டீயரிங் இல்லாத, தூக்கம் வராத, வழியில் நிறுத்தி டீ கேட்காத லாரிகள். லாரியையே நம்பி எழுந்த ஊர் என்ன ஆகும் என்று ஒரு புண்ணியவானும் யோசிக்கவில்லை. டிரைவர் போனார், கிளீனர் போனார், பட்டறை போச்சு, பஞ்சர் கடை போச்சு, புரோட்டாக் கடையும் போச்சு. கை வறண்டு நின்றவர்களை மறுபடி வேலைக்குக் கொண்டுபோக அரசாங்கம் கண்டுபிடித்ததுதான் திறனாடி.

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள், யாரிடம் எப்படிப் பேசுகிறீர்கள், எதில் உங்கள் கை தயங்குகிறது, எதில் தயங்கவில்லை என்று ஏழு நாள் பார்த்துக்கொண்டே இருக்கும். எட்டாம் நாள் உங்களுக்கே தெரியாத உங்கள் திறமையை நூற்றுக்கு இத்தனை என்று தன் முகத்தில் எழுதிக் காட்டும். அப்புறமும் கழற்றுவதில்லை. எண் ஏறினாலும் இறங்கினாலும் அது காட்டிக்கொண்டே இருக்கும். கண்ட திறனுக்கு வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் இரண்டு வருஷம் அது அற்புதம்தான் பண்ணியது. பத்து மாநிலத்து டிரைவர்களுக்குப் பரிமாறிய புரோட்டாக் கடைக்காரர் ஒருவருக்கு ஏழு பாஷை அத்துப்படி என்று கண்டுபிடித்துத் துறைமுகத்துக்கு அனுப்பியது. அப்புறம் இடங்கள் தீர்ந்துபோயின. மிஞ்சியவர்களுக்குப் பொதுவேலை என்று ஒரு பெயர் வைத்து, இறால் கொட்டகைக்கும், கடல் நடுவே அலையிலிருந்து மின்சாரம் எடுக்கிற அலைத்தளத்துக்கும் பஸ் ஏற்றத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கஷ்டத்தில் இருக்கிற மனுஷனிடம் 'இல்லை' என்பதை எந்திரம் சொல்லக் கூடாது, மனித வாய்தான் சொல்ல வேண்டும் என்று இரக்கமுள்ள நீதிபதி ஒருவர் தீர்ப்பு எழுதிவிட்டார். ஊரில் அதற்கு வாய்ச்சட்டம் என்று பெயர். அதனால் ஒவ்வொரு மன்றத்திலும் மறுப்பாளர் என்று ஒரு பதவி. சங்ககிரியின் முதல் மறுப்பாளருக்கு மூக்கு உடைந்தது. இரண்டாமவர் நெஞ்சுவலி என்று லீவு போட்டவர் திரும்பவேயில்லை. மூன்றாமவர் மனு கொடுக்க வந்தவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதார். அவரையும் மாற்றினார்கள்.

நாலாவதாக வந்தவள் பாவாயி. அவள் புருஷன் செங்கோடன் லாரி டிரைவர். வண்டி நகரும் சத்தத்திலேயே எந்தப் பக்கம் எத்தனை மூட்டை அதிகம் என்று சொல்லிவிடுவார். திறனாடியும் அதைத்தான் எழுதியது, 'பாரம் அறிதல், தொண்ணூற்றொன்று' என்று. இடமில்லை என்று சொல்லி அவரை அலைத்தளத்துக்கு அனுப்பி இரண்டு வருஷமாகிவிட்டது. வீட்டில் இன்னொருவர் தொண்ணூறு நாள் விடாமல் வேலையில் நின்று காட்டினால்தான், போனவரைத் திருப்பி அனுப்புவார்கள். பாவாயிக்கு வேண்டியது அந்தத் தொண்ணூறு நாள். அதற்காகத்தான் அவளும் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அவள் திறனாடி அணிந்த அந்த ஏழு நாளில் வீட்டு அடுப்பு மூன்று நாள்தான் எரிந்தது. அக்கம்பக்கத்துக்கு அது தெரியாமலா இருக்கும்? ஒருத்தி குழம்போடு வந்தாள். ஒருத்தி தோசைக்கு மாவு கொண்டுவந்தாள். மளிகைக்காரர் தானாகவே மூட்டை கட்டி அனுப்பினார். அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடக் கூப்பிட்டதும் உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாவது தரம் 'உங்களுக்காகத்தான்' என்று உட்கார வேண்டும். பாவாயி மூன்றாவது தரமும் வேண்டாம் என்றாள். "இப்பத்தான் சாப்ட்டேன் கண்ணு, வயிறு கம்முனு இருக்குது" என்று சிரித்த முகமாகச் சொல்லி, வந்தவளின் குழந்தையைக் கொஞ்சி, வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

எட்டாம் நாள் மன்றத்தின் இணை இயக்குநர் இன்பசேகரன் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "நூத்தியிருபது தடவை மறுத்திருக்கீங்கம்மா! ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை! எந்திரம் இதுக்குப் புதுசாப் பேரே வெச்சிருக்கு. காயமில்லா மறுப்பு. தொண்ணூத்தெட்டு!"

எந்திரத்தைச் செய்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அந்த வழக்கம் அவர்களுக்குத் தெரியவில்லை. பசியோடு சொன்ன வேண்டாம்களை எல்லாம் கூட்டித் திறமை என்று எழுதிவிட்டது. "அது திறமையில்லீங்க சார், ரோசமுங்க" என்று பாவாயி சொல்லிப் பார்த்தாள். இன்பசேகரன் காதில் அது விழவில்லை. அவர் அதற்குள் நியமன ஆணையை எடுத்துக்கொண்டிருந்தார்.

கருப்பண்ணன் வந்துபோன இரண்டாம் நாள், சனிக்கிழமைச் சந்தையில் பாவாயி ஆராயியைப் பார்த்தாள். தார்ப்பாய் தைக்கிற கம்பெனியில் இருந்தவள். பாவாயிதான் நாற்பது நாளைக்கு முன்னால் அவளுக்கும் இல்லை என்று சொல்லி இறால் கொட்டகைக்கு அனுப்பினாள். இப்போது இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது. விரல் நுனிகளில் தோலே இல்லை.

"ஐயோ, என்ன புள்ள இது?"

"ஐஸ் தண்ணிக்கா. காலைல கைய விட்டா சாயங்காலம்தான் எடுக்கோணும். முடியலைன்னு அனுப்பிட்டாங்க."

"மேல்மனு போட்டிருக்கலாமல்லோ? பத்து நாள் தவணை இருந்துதே."

ஆராயி சிரித்தாள். "போடறதுக்குன்னுதான் அன்னைக்குக் கெளம்பி வந்தேன். இல்லைன்னு சொன்னா அந்த எடத்துலயே கத்தி ஊரைக் கூட்டிட்டு, மேல்மாடிக்குப் போயி மனு எழுதிக் குடுத்துரோணும்னு நெஞ்சுக்குள்ள நெருப்பைக் கட்டிக்கிட்டு வந்தேன். நீ பேசினியா, எல்லாம் ஆறிப்போச்சு. வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்கிட்டேன். எந்திரிச்சுப் பார்த்தா, எதுக்குக் கோவப்பட்டம்னே நெனப்பில்லை. அதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு." அவளுக்குப் பாவாயி மேல் ஒரு துளி வருத்தமும் இல்லை. கையில் கட்டோடு, "அக்கா, எதாச்சும் தூக்கோணுமா, புடிக்கட்டா?" என்று பையை வேறு வாங்கப் பார்த்தாள்.

பாவாயி பையைக் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திங்கள்கிழமை காலை அவள் நேரே மேல்மாடிக்குப் போனாள். மேல்மனு அறையில் எழுத்தர் ஒருவர் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க, மகராசி" என்றார். "முன்னெல்லாம் ஒரு நாளைக்கு அறுபது மனு வரும். மேல்மனு நீதிபதி உட்கார்ந்து பார்த்தார்னா பாதிக்கு மேல ஜெயிச்சுரும், சட்டம் அவங்க பக்கம்தானே. உள்ளூர்லயே எதாவது இடம் உண்டாக்கிக் குடுத்தாகணும். நீங்க வந்ததுலருந்து ஒரு மனு இல்லீங்க. நீதிபதி ஐயா இந்தப் பக்கமே வர்றதில்லை."

ஆக, விஷயம் இதுதான். வேலை இல்லாமல் இல்லை. சண்டை போட்டவனுக்கு இருந்தது. அந்தச் சண்டையைத்தான் பாவாயி அறுபது நாளாக ஒவ்வொருத்தர் நெஞ்சிலிருந்தும் பூப்போல எடுத்துக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கியவளை இன்பசேகரன் அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் மைசூர்பாக்கு.

"எடுத்துக்கங்கம்மா. சந்தோஷமான சேதி. உங்க அறுபது நாள் பேச்சையும் திறனாடி பதிஞ்சு வெச்சிருக்கு. அதை வெச்சு ஒரு காதோதி பண்ணியிருக்காங்க. எந்த ஊர் மறுப்பாளரும் காதுல மாட்டிக்கிட்டா, என்ன சொல்லணும், எங்க நிறுத்தணும், யாரோட குழந்தையை விசாரிக்கணும், எல்லாம் அதுவே ஓதும். எல்லா மாவட்டத்துக்கும் போகுது. பாவாயி முறைன்னே பேரு! சம்மதம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"போட்டா?"

"உங்க வீட்டுக்காரர் நாளைக்கே கரையேறிடுவார். தொண்ணூறு நாள் வேண்டாம். ஆணை இதோ இருக்கு, என் கையெழுத்துதான் பாக்கி."

பாவாயி அந்தத் தாளைப் பார்த்தாள். செங்கோடன், தந்தை பெயர், அலைத்தளம் எண் ஏழு. இரண்டு வருஷமாக வாரம் ஒரு தரம் மூன்று நிமிஷம் கேட்கிற குரல். போன வாரம் பேசும்போது 'சாப்ட்டீங்களா' என்று கேட்டதற்கு, 'இன்னும் சொல்லலை' என்றார். அது என்ன பதில் என்று அவளுக்கு ஒரு வாரமாகப் புரியவில்லை. கை தானாகப் பேனாப் பக்கம் போனது. போகாமல் என்ன செய்யும், கட்டின புருஷன்.

அப்புறம் எல்லா மாவட்டத்திலும் ஆயிரம் ஆராயிகள் நன்றி சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவது கண்ணில் பட்டது. ஏறட்டும் என்று விட அவளால் முடியவில்லை.

"சார், உங்க நல்ல மனசு யாருக்கு வரும்" என்றாள். "என்னைய மாதிரி ஒருத்தியோட பேச்சை இவ்வளவு பெருசா நெனச்சீங்களே, அதுவே எனக்குப் போதுமுங்க. கையெழுத்து மட்டும் வேண்டாமுங்க. நீங்க ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க சார், நேரத்துக்குச் சாப்பிடறதில்லையாட்டம் இருக்குது. உடம்பைப் பார்த்துக்கங்க."

"ஆமாம்மா, வேலை அதிகம். ரொம்ப நன்றிம்மா" என்றார் இன்பசேகரன். அவள் போய்க் கதவைச் சாத்தி, அவர் ஒரு மைசூர்பாக்கை எடுத்து வாயில் போட்டு, அது கரைந்து முடிந்த பிறகுதான் அவள் முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்பதே அவருக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் பாவாயி கருப்பண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். "அண்ணா, அன்னைக்கு நான் பேசினதெல்லாம் வாபஸ். உங்களுக்கு நடந்தது அநியாயமுங்க. சட்டப்படி உங்களுக்கு வேலை இருக்குது, குடுக்க மனசில்லாம இல்லைங்கறாங்க. அதைத் தேன் தடவிச் சொன்னவ நானு. கோவப்படுங்க. என் மேல வேண்டாம், மேல்மாடியில ஒரு நாற்காலி சும்மா கெடக்குது, அது மேல கோவப்படுங்க."

கருப்பண்ணன் முகம் பட்டறை இரும்பு மாதிரி மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. அறுபது நாளில் வந்த முதல் மேல்மனு அவருடையது. நாலாம் நாள் ஜெயித்தார். பழைய பட்டறையைத் திறந்து, தானோட்டி லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்யும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து நாலாம் சாளரத்தின் பேச்சு மாறியது. குரல் அதே குரல், சிரிப்பு அதே சிரிப்பு. "இல்லீங்கண்ணா. சொல்றதுக்கே எனக்கு வெக்கமா இருக்குது. உங்க எடத்துல நான் இருந்தா இந்தப் படியை எகிறி எகிறி ஏறிப் போயிருப்பேன். அந்தா, அந்தப் படிதானுங்க." வந்தவர் பாவாயிக்கு நன்றி சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு மாடி ஏறினார். திறனாடி பாவம், தன்னைச் சுமக்கிறவள் மேல் கோபம் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். மாடி மேல் வருகிற கோபம் அதன் கணக்கில் கிடையாது. பாவாயியின் எண் தொண்ணூற்றெட்டிலிருந்து தொண்ணூற்றொன்பது ஆனது.

ஒரே வாரத்தில் மேல்மனு அறைக்கு வெளியே பெஞ்சு போட வேண்டியதாயிற்று. இன்பசேகரனுக்குச் சென்னையிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தரம் போன். அவர் நாலாம் சாளரத்துக்கே வந்து நின்றார்.

"உங்களை வேலையை விட்டு எடுக்கிறேம்மா."

"எடுத்துக்கங்க சார். ஆனா நானும் பதிவு பண்ணின கஷ்டப்பட்ட ஆளு. எனக்கு வேலை இல்லைன்னு சொல்றதும் ஒரு மறுப்புத்தானுங்களே? வாய்ச்சட்டப்படி அதை மறுப்பாளர்தான் சொல்லோணும்."

இன்பசேகரன் பக்கத்து ஊர் மன்றத்துக்குப் போன் பண்ணினார். அந்த ஊர் மறுப்பாளர் கையில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசியில் இன்பசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்களே உங்ககிட்ட ஒரு தரம் சொல்லிக்கலாமே?" என்றார்.

"சொல்லிப் பார்த்தேனுங்க. ஒத்துக்க மாட்டேங்கறேன்."

அந்த ஆத்திரத்தில்தான் மனுஷர் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். காயமில்லா மறுப்பில் தொண்ணூறுக்கு மேல் எடுக்கும் எவருக்கும் சங்ககிரி மன்றத்தில் உடனடி நியமனம் என்று ஒரு சுற்றறிக்கை போட்டு, ஊர் முழுக்க ஒட்டச் செய்தார். ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், பாவாயியை அனுப்பிவிடலாம் என்று அவர் எண்ணம். எத்தனை பேர் என்று எழுத மறந்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தரம் தன் திறமையை மறுபடி ஏழு நாள் பார்க்கச் சொல்லி மன்றத்தைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. பாவாயி லாரிப்பேட்டைக்குப் போனாள். டீக்கடைப் பெஞ்சில் ஆராயி, கருப்பண்ணன், வேலை போன டிரைவர்கள், அவர்கள் பெண்டாட்டிகள் என்று முப்பது பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னாள்.

"மறுக்கறதுக்கு நாங்க எங்கம்மிணி படிச்சோம்?" என்றார் ஒரு டிரைவர்.

"ஏனுங்க, உங்களுக்குப் போயி நான் படிச்சுக் குடுக்கோணுமா? நெருங்கின சொந்தத்துல விருந்துக்குக் கூப்பிட்டா என்ன சொல்லுவீங்க?"

"இப்பத்தான் ஆச்சுன்னுவேன்."

"மறுபடி கூப்பிட்டா?"

"வயிறு சரியில்லைன்னுவேன்."

"அவ்வளவுதானுங்க பாடம். மூணாவது தரம் மட்டும் உட்கார்ந்துராதீங்க."

ஒரு டீயிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆராயி நீட்டினாள், டிரைவர் வேண்டாம் என்றார். டிரைவர் நீட்டினார், கருப்பண்ணன் வேண்டாம் என்றார். அந்த டீ பெஞ்சை இரண்டு சுற்றுச் சுற்றி ஆறிப்போய்க் கடைக்காரருக்கே திரும்பி வந்தது. அவரும் வேண்டாம் என்றார், ஏனென்றால் அவர் கழுத்திலும் கயிறு இருந்தது! அந்த ஏழு நாளும் சங்ககிரியில் ஒருத்தர் வீட்டு வாசலில் ஒருத்தர் தட்டோடு நின்றார்கள். "ஒரு வாய் சாப்பிடுங்க." "இப்பத்தானுங்க ஆச்சு." "நல்லது, வர்றேனுங்க." யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. தோற்றுப்போனவர் ஒரே ஒருத்தர்தான். பழைய கிளீனர் ஒருவர், சூடான பணியாரத்தைப் பார்த்ததும் மூன்றாவது தரத்தில் கை நீட்டிவிட்டார்.

எட்டாம் நாள் காலை மன்றத்து வாசலில் முந்நூற்று நாற்பது பேர். எல்லார் கழுத்திலும் தொண்ணூறுக்கு மேல். இன்பசேகரன் வெளியே வந்து பார்த்தார். சுற்றறிக்கையைப் பார்த்தார். மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். வியர்த்துவிட்டது.

"பாவாயியம்மா, இவங்ககிட்ட இடம் இல்லைன்னு சொல்லுங்க" என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"மாட்டனுங்க சார். உங்களைப் பார்த்தாலும் பாவமாத்தான் இருக்குது."

அவர் அடுத்து நின்ற ஆராயியைப் பார்த்தார். "மாட்டனுங்க" என்றாள் அவள். அவளுக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். முந்நூற்று நாற்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக, சிரித்த முகமாக, அவர் குடும்பத்தை விசாரித்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, மாட்டேன் என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டு வந்த பதவிக்கு அதைவிட நல்ல தேர்வு கிடையாது.

தானே மறுப்பாளராகிச் சொல்லிவிடலாம் என்று இன்பசேகரனும் ஒரு திறனாடியை மாட்டிக்கொண்டார். ஏழு நாள் கழித்து அவர் நெஞ்சில் வந்த எழுத்து இது: 'காட்டிய இடத்தில் கையெழுத்திடுதல், தொண்ணூற்றாறு.' முந்நூற்று நாற்பது நியமன ஆணையும் அவர் மேசை மேல் அடுக்கியிருந்தது. இட்டார்.

தொண்ணூறாம் நாள் பாவாயி ஒரு தாளை அவர் முன்னால் வைத்து, விரலால் இடத்தைக் காட்டினாள். அலைத்தளம் எண் ஏழு, செங்கோடன். அதிலும் இட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் வந்தது. செங்கோடன் நீலச் சட்டையோடு இறங்கினார். கறுத்திருந்தார், மெலிந்திருந்தார், ஆனால் முழுசாக இருந்தார். பாவாயி கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வழியில் வணக்கம் சொன்னவர்களுக்கெல்லாம் அவர் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"உள்ள வரட்டுங்களா?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அலைத்தளத்தில் வேலையாட்கள் காதிலும் ஒரு காதோதி உண்டு. எழு, நில், பிடி, விடு, சாப்பிடு என்று இருபத்துநாலு மணி நேரமும் அதுதான் ஓதும். 'இன்னும் சொல்லலை' என்று போனில் அவர் சொன்னது என்ன என்று பாவாயிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவர் கழுத்தைப் பார்த்தாள். பாரம் அறிதல் அழிந்துபோயிருந்தது. அந்த இடத்தில், 'கீழ்ப்படிதல், தொண்ணூற்றொன்பது.'

சட்டைப் பையில் ஒரு கவர் இருந்தது. பிரித்தாள். கண்ட திறனுக்கு வேலை! நாற்பத்தொரு கம்பெனிகள் அவரைக் கேட்டிருந்தன. லாரியின் பாரத்தைக் காதால் அளந்த மனுஷனுக்கு நாடு முழுக்க ஒரு இடம் இல்லை. இதற்கு நாற்பத்தொரு இடம்.

"இத்தனை வேலை வந்திருக்குது" என்றாள் மெதுவாக. "போறீங்களா?"

"நீ சொன்னாப் போறேன்."

"போகாம இங்கயே இருக்கறீங்களா?"

"நீ சொன்னா இருக்கறேன்."

உட்காருங்க, தண்ணி குடிங்க, செருப்பை அந்த மூலையில போடுங்க என்று சொல்லத்தான் அவள் நாக்கு துடித்தது. அன்பாகச் சொல்லியிருப்பாள், அவரும் அன்பாகக் கேட்டிருப்பார், சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"நான் சொல்ல மாட்டேனுங்க" என்றாள். "எதையுமே சொல்ல மாட்டேன்."

அவருக்கு விளங்கவில்லை. "செருப்பு எங்க வைக்கட்டும்?" என்றார். அவள் பேசவில்லை. "பாவாயி, நான் நிக்கட்டுமா, உக்காரட்டுமா?" அவள் சுவரைப் பார்த்து நின்றாள். கண்ணீர் தாடையில் இறங்கியது. துடைக்கவில்லை. வெயில் வாசற்படியை விட்டு இறங்கித் தெருவுக்குப் போகும்வரை அவர் நின்றார். மூன்றாவது தரம் கேட்டார், நாலாவது தரம் கேட்டார், ஒவ்வொரு தரமும் குரலில் ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

திடீரென்று செருப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தார். "ஏண்டி, ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருக்கறேன், வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிருவே? நான் என்ன கல்லா? என்னைய என்னதான் பண்ணச் சொல்றே?"

மலைப்பாதை வளைவில் எதிர் லாரிக்காரனை அதட்டுகிற அந்தப் பழைய குரல். பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. அவர் கழுத்தில் எண் ஒரு தரம் மினுங்கித் தொண்ணூற்றெட்டானது.

பாவாயி திரும்பி, அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கத்துங்க" என்றாள். "ஊரே கேக்கட்டும். கத்துங்க."